சின்னப் பிள்ளைக்கும் சீனி வருத்தம் வரும்: தாய் தகப்பன் அறிய வேண்டியவை



சீனி வருத்தம் என்றவுடன் நம்ம மனசில் வருவது யார்? ஓய்வு பெற்ற தாத்தா, உடம்பு பருத்த பெரியம்மா, டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வருத்தம் வரும் என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்காததால்தான் ஆபத்து. பிள்ளை மெலிந்துகொண்டே போகும். வீட்டில் பூச்சி மருந்து கொடுப்பார்கள், கயிறு கட்டுவார்கள், பார்வை பார்ப்பார்கள். கடைசியில் பிள்ளை மயங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுவார்கள்.

பிள்ளைகளுக்கு வரும் இந்த நீரிழிவை முதலாம் வகை நீரிழிவு என்று டாக்டர்மார் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் வருகிற வியாதி அல்ல இது. ஆனால் வந்தால், நாள் கணக்கில் அல்ல, சில நேரம் மணி கணக்கில் முடிவு எடுக்க வேண்டிவரும். ஆகையால் இந்தப் பாடத்தை நிதானமாகப் படியுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அப்பாயிக்கும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் மலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பது அவர்கள்தானே.

1. உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடுகிற சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்ற சீனியாக மாறுகிறது. அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. கை கால் அசைய, மூளை வேலை செய்ய, பிள்ளை வளர இந்தச் சீனிதான் விறகு.

ஆனால் இரத்தத்தில் இருக்கிற சீனி தானாக உடம்பின் தசைக்குள் போய்விடாது. காம்பராக் கதவுக்குத் திறப்பு வேண்டும் அல்லவா? அந்தத் திறப்புதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் சதையி என்று ஒரு உறுப்பு இருக்கிறது. கணையம் என்றும் சொல்வார்கள். அங்குதான் இன்சுலின் உண்டாகிறது.

நம் உடம்பில் நோயை எதிர்க்கும் ஒரு காவல் படை உண்டு. கிருமி வந்தால் அதை அழிப்பது அதன் வேலை. சில பிள்ளைகளுக்கு இந்தக் காவல் படை ஆள் மாறி, இன்சுலினை உண்டாக்கும் இடத்தையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலின் குறைந்து, கடைசியில் இல்லாமலே போகிறது. திறப்பு தொலைந்துவிட்டது, வாசலில் விறகு குவிந்து கிடக்கிறது, உள்ளே அடுப்பு அணைந்து கிடக்கிறது. பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிவதற்குக் காரணம் இதுதான்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அவர்களுக்கு இன்சுலின் இருக்கிறது, ஆனால் போதவில்லை அல்லது சரியாக வேலை செய்யவில்லை. அதனால் குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் அவர்களுக்குப் பலன் தருகிறது. முதலாம் வகைப் பிள்ளைக்கு இன்சுலினே இல்லை. அதை ஊசி மூலம் கொடுத்தே ஆக வேண்டும். தாத்தாவின் குளிசையைப் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரிய தவறு.

2. யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பிள்ளைக்கு வியாதி என்று தெரிந்த அன்றே வீட்டில் சண்டை தொடங்கிவிடுகிறது. "நீ சீனியை அள்ளிக் கொடுத்த, அதான் வந்துச்சி" என்று மாமியார் மருமகளைச் சொல்வார். "உங்க பரம்பரையில இருக்கு" என்று இவர் திருப்பிச் சொல்வார்.

சீனி தின்றதால் முதலாம் வகை வருவதில்லை. தாய் கர்ப்பமாக இருக்கும்போது எதையோ சாப்பிட்டதாலும் வருவதில்லை. செய்வினை, காத்து கருப்பு, கிரக தோஷம் எதுவும் இல்லை. பிறவியில் கிடைக்கும் ஒரு தன்மையோடு வெளியிலிருந்து ஏதோ ஒரு காரணமும் சேர்ந்து இது தொடங்குகிறது என்று மருத்துவம் சொல்கிறது. வராமல் தடுக்கும் வழி எந்தத் தாய்க்கும் கையில் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பிள்ளைக்கும் வரும். இது தொற்றும் வியாதியும் அல்ல. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம்.

3. நான்கு அடையாளங்கள்

இந்த நான்கையும் விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்யுங்கள்.

ஒன்று, தாகம். பிள்ளை வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும். இரவில் எழுந்தும் தண்ணீர் கேட்கும்.

இரண்டு, மூத்திரம். அடிக்கடி போகும். பாயில் போவதை நிறுத்தி இரண்டு மூன்று வருஷமான பிள்ளை மறுபடி பாயை நனைக்கும். அதற்காகப் பிள்ளையை அடிக்க வேண்டாம். சோம்பேறித்தனத்தால் நடப்பது அல்ல அது.

மூன்று, மெலிவு. நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளவென்று ஆகும். சில கிழமைகளிலேயே எலும்பு தெரியும்.

நான்கு, களைப்பு. ஓடி விளையாடிய பிள்ளை இஸ்தோப்பில் சுருண்டு படுக்கும். வகுப்பில் தூங்குகிறது என்று ஆசிரியர் சொல்லி அனுப்புவார்.

தாகம், மூத்திரம், மெலிவு, களைப்பு. இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே பிள்ளையை டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய், "பிள்ளைக்குச் சீனி பாருங்க ஐயா" என்று வாய் திறந்து கேளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும், ஒரு நிமிஷத்துக்குள் மெஷின் காட்டிவிடும். இந்த அடையாளங்களோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது நீரிழிவுதான் என்று கொள்ள வேண்டும். "நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வந்து பார்க்கலாம்" என்று பிள்ளைக்கு நாள் தள்ளக் கூடாது.

பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து டீச்சர்மாருக்கும் ஒரு வார்த்தை. அதிகம் தண்ணீர் கேட்கிற, அடிக்கடி துணி நனைக்கிற பிள்ளையை முதலில் கவனிப்பது நீங்கள்தான். மாலையில் தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

4. ஆபத்து நெருங்கும்போது

விறகு கிடைக்காத உடம்பு, உயிர் பிழைக்கக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்படி எரியும்போது கீற்றோன் என்ற அமிலப் பொருள் உண்டாகி இரத்தத்தில் சேரும். இரத்தம் புளிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரும் அடையாளங்கள்:

வயிற்று வலி, வாந்தி.
மலை ஏறி வந்தவர் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குதல்.
வாயில் அழுகிய பழம் போல ஒரு வாசனை.
நாக்கு வறண்டு, கண் குழி விழுதல்.
அரை மயக்கம், பேச்சுக் குழறல்.

நம்ம பக்கத்தில் இதைப் பார்த்து ஏமாறுவது சுலபம். வயிற்று வலி என்றால் பூச்சி என்கிறோம். மூச்சு வாங்கினால் முட்டு என்கிறோம். வாந்தி என்றால் ஜீவனி கரைத்துக் கொடுத்து இரண்டு நாள் பார்க்கிறோம். உளறினால் கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். ஒரு விஷயத்தை ஞாபகம் வையுங்கள். சாதாரண வாந்தியில் உடம்பு வறண்டால் பிள்ளைக்கு மூத்திரம் குறையும். இந்த வருத்தத்தில் உடம்பு வறண்டு கிடக்கும்போதும் மூத்திரம் மட்டும் நிறையப் போகும். அதுதான் வித்தியாசம்.

களைத்துப் போன பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் பவுடர், சோடா, இனிப்புப் பால் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல.

இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அது இரவோ, மழையோ, சம்பள நாளோ, காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குப் பணம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியில் நிற்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் பெரிய ரோட்டில் டோர்ச் லைட்டோடு நிற்கட்டும். பாதை மோசம் என்றால் தோட்ட ஆபீஸில் வாகனம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் அளவு, கீற்றோன் பார்த்து, இன்சுலினும் சேலைனும் கொடுத்துப் பிள்ளையை மீட்டுவிடுவார்கள். நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

5. இன்சுலின் வந்த கதை

நூறு வருஷத்துக்கு முன்பு இந்த வியாதி வந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி போட்டு, சில மாதம் அல்லது ஓரிரு வருஷம் உயிரை இழுத்துப் பிடித்தார்கள். 1921ஆம் ஆண்டு கனடா நாட்டில் டொரொண்டோ நகரத்தில் பிரெட்ரிக் பான்டிங் என்ற டாக்டரும், சார்ல்ஸ் பெஸ்ட் என்ற அவருடைய இளம் உதவியாளரும் மிருகங்களின் சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்து எடுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை அவன். முதல் மருந்து சுத்தமாக இல்லாததால் பலன் போதவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23ஆம் திகதி மறுபடி போட்டார்கள். சீனி இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 வருஷம் உயிரோடு இருந்தான்.

கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையை வைத்துக் கோடி சம்பாதித்திருக்கலாம். ஆளுக்கு ஒரு டொலருக்கு அதை டொரொண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பான்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் திகதியைத்தான் உலக நீரிழிவு தினமாக இன்று கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? "ஊசி போட்டால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று லயத்தில் பேசுகிறவர்கள் உண்டு. ஊசி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். இன்சுலின் போதை மருந்து அல்ல. நம் உடம்பில் ஊற வேண்டிய ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

6. ஊசி போடும் முறை

இன்சுலினை வாயால் குடிக்க முடியாது. வயிற்றில் செரித்து வீணாகிவிடும். ஆகவே தோலுக்கு அடியில் ஊசியாகப் போட வேண்டும். இதை வீட்டிலேயே போட ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார் பழக்கிக் கொடுப்பார்கள். பிள்ளையோடு நிற்கிற ஒருவர் மட்டும் பழகினால் போதாது. தாய், தகப்பன், வீட்டில் இருக்கும் இன்னொருவர் என்று குறைந்தது இரண்டு பேராவது பழகுங்கள். தாய் வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்கிற வீட்டில் பாட்டியிடம் மட்டும் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். சிறிஞ்சில் உள்ள சின்னக் கோடுகள் வயதான கண்ணுக்குத் தெரியாது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலின் பெயரையும் திகதியையும் பாருங்கள். தெளிந்த தண்ணீர் போல ஒரு வகை உண்டு. பால் கலந்தது போல ஒரு வகை உண்டு. தெளிந்த வகை கலங்கியிருந்தாலோ கட்டி தெரிந்தாலோ பாவிக்க வேண்டாம். பால் போன்ற வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும்; குலுக்கக் கூடாது. கிளினிக்கில் கொடுத்த இன்சுலின் சிறிஞ்சையே பாவியுங்கள். வேறு சிறிஞ்சில் அளவு மாறும். அளவு மாறினால் உயிருக்கே ஆபத்து.

வயிறு, தொடையின் முன்புறம், மேல் கை, பிட்டம் ஆகிய இடங்களில் மாறி மாறிப் போடுங்கள். வலிக்கவில்லை என்று ஒரே இடத்தில் போட்டால் அங்கு கட்டி வைக்கும்; மருந்து சரியாக இறங்காது. ஊசியை இறக்கி மருந்தைச் செலுத்திய பிறகு பத்து வரை எண்ணி வெளியே எடுங்கள். பாவித்த ஊசியை மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள். குப்பைக் குழியில் எறிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலில் ஏறும்.

அட்டையில் எழுதிய அளவு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "காலைக்கு எத்தனை, ராத்திரிக்கு எத்தனை" என்று இலக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிளினிக்கில் அளவை மாற்றினால் பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதியதை ஒட்டுங்கள்.

7. ஃபிரிஜ் இல்லாத வீட்டில் மருந்தை எப்படி வைப்பது?

திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். ஃபிரிஜின் நடுத் தட்டில் வைக்கலாம். ஐஸ் கட்டும் பெட்டியில் வைக்கவே கூடாது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் பிரயோசனம் இல்லை; அதை எறிந்துவிட வேண்டும். திறந்து பாவிக்கிற போத்தலை வெயில், நெருப்புப் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் 4 கிழமை வரை வைக்கலாம். திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதுங்கள்.

நம்ம மலைக் காற்று குளிர்தான். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெக்கை தாங்காது. அடுப்புப் பக்கம், ஜன்னல் ஓரம், டீவி மேல் வைக்க வேண்டாம். ஒரு சுலப வழி உண்டு. பெரிய மண்சட்டி ஒன்றில் மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டியை வையுங்கள். மணலில் தினமும் தண்ணீர் தெளியுங்கள். போத்தலைத் தண்ணீர் படாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சின்னச் சட்டிக்குள் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மீதிப் போத்தல்களை ஃபிரிஜ் உள்ள வீட்டிலோ கடையிலோ நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வைக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் டிஸ்பென்சரி ஐயாவிடமோ மருத்துவமாதுவிடமோ பேசுங்கள்.

மருந்து முடிகிற அன்று கிளினிக்குக்குப் போவது என்ற பழக்கம் வேண்டாம். மண்சரிவில் ரோட்டு மூடலாம், பஸ் ஓடாமல் போகலாம். 2022ஆம் ஆண்டு நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் என்ன கஷ்டம் வந்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஒரு போத்தல் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

8. சீனி இறங்கினால்?

இது இரண்டாவது ஆபத்து. ஊசி போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால், அல்லது வழக்கத்தை விட அதிகம் ஓடி விளையாடினால் சீனி 70க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பிள்ளைக்குக் கை நடுங்கும், வியர்க்கும், முகம் வெளுக்கும், பசி எடுக்கும், தலை வலிக்கும். காரணம் இல்லாமல் அழும், கோபப்படும். கவனிக்காவிட்டால் வலிப்பும் மயக்கமும் வரும்.

உடனே 2 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பெரிய பிள்ளை என்றால் 3 தேக்கரண்டி. 15 நிமிஷம் உட்கார வைத்துப் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்த பிறகு ஒரு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். மெஷின் கையில் இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்றாலும் சீனியைக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் கூடினால் பிறகு சரி செய்யலாம்.

மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீரோ சாப்பாடோ ஊற்ற வேண்டாம், நெஞ்சுக்குள் போகும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்குப் பேசுங்கள்.

நம்ம தோட்டத்தில் காலையில் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மூன்று மைல் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்சுலின் போட்ட பிள்ளையை அப்படி அனுப்பவே கூடாது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு, "பிறகு சாப்பிடு" என்று ஓடுவது வேண்டாம். பிள்ளை சாப்பிட்டு முடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே புறப்படுங்கள். விரதம், பட்டினி இந்தப் பிள்ளைக்கு இல்லை. திருவிழாவில் தேருக்குப் பின்னால் நடக்கும்போதும் சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் இருக்க வேண்டும்.

9. சாப்பாடு

தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாட்டையே நேரத்துக்கு, அளவாகக் கொடுங்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும்: போஞ்சி, கோவா, லீக்ஸ், வல்லாரை. கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி போன்றவை. இன்றைக்கு ஒரு ரொட்டி, நாளைக்கு நான்கு ரொட்டி என்று மாற்றினால் ஊசி அளவு ஒத்து வராது.

குறைக்க வேண்டியது தேத்தண்ணிச் சீனி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை உள்ளங்கையில் சீனி வைத்துக் குடிக்கிற பழக்கத்தைப் பிள்ளைக்குப் பழக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்களும் குறைத்தால் பிள்ளைக்கு ஏக்கம் இருக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு பலகாரத் துண்டு கொடுக்கலாம். அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

10. "வருத்தம் சுகமாயிருச்சி" என்ற ஏமாற்றம்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

ஊசி தொடங்கிச் சில கிழமைகளில் சில பிள்ளைகளுக்குச் சீனி நன்றாக இறங்கிவிடும். டாக்டர் அளவைக் குறைப்பார். மிச்சம் இருக்கிற கொஞ்சம் இன்சுலின், ஓய்வு கிடைத்ததால் மறுபடி வேலை செய்வதுதான் காரணம். இது சில மாதம் நிற்கலாம். ஆனால் நிரந்தரம் அல்ல.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு வயதுப் பையன். ஊசி தொடங்கி இரண்டு மாதத்தில் முகம் தெளிந்து, உடம்பு தேறி, அளவும் பாதியாகக் குறைந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் ஒரு கஷாயம் கொடுத்தார். "பாத்தீங்களா, என் மருந்துலதான் எறங்குது. இனிமே ஊசி வேணாம்" என்றார். வீட்டாரும் பிள்ளை தினமும் குத்து வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் விடியும்போது பிள்ளைக்கு நினைவு இல்லை. லொறியில் ஏற்றிப் போனோம். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து உயிர் தப்பினான். இன்னும் இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தத் தாய் பிள்ளை மேலுள்ள பாசத்தில்தான் நிறுத்தினார். பாசம் மட்டும் போதாது. விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

பாகற்காய், குறிஞ்சா இலை, கொத்தலாஹிம்புட்டு எல்லாம் கறியாகவோ கஞ்சியாகவோ நல்லதாக இருக்கலாம். ஆனால் இல்லாத இன்சுலினை எந்த இலையும் உண்டாக்காது. கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள், சாமி கும்பிடுங்கள். அதோடு ஊசியையும் நேரத்துக்குப் போடுங்கள். காய்ச்சல் வந்தாலும், பிள்ளை சாப்பிட மறுத்தாலும், இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சீனி பெரும்பாலும் கூடத்தான் செய்யும். அளவைப் பற்றி அன்றே கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். வாந்தி என்றால் நேரே ஆஸ்பத்திரி.

11. பள்ளிக்கூடமும் எதிர்காலமும்

வியாதியை மறைக்க வேண்டாம். வகுப்பு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், பக்கத்தில் உட்காரும் இரண்டு நண்பர்கள் ஆகியோருக்குச் சொல்லி வையுங்கள். நடுங்கினால் சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும், கேட்டால் வெளியே போக விட வேண்டும் என்று ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளை ஓடலாம், கிரிக்கெட் ஆடலாம், படித்து முன்னேறலாம்.

பெண் பிள்ளை என்றால் "வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா?" என்று மறைக்கிறார்கள். மறைப்பதால் மத்தியான ஊசி தவறுகிறது, மயங்கினால் யாருக்கும் காரணம் தெரிவதில்லை. சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்து, டாக்டரின் கவனிப்பில் இருந்தால் இந்தப் பெண்களும் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறலாம். கட்டுப்பாடு இல்லாவிட்டால்தான் பல வருஷத்தில் கண், சிறுநீரகம், நரம்பு, கால் கெடும்.

கிளினிக்கை விடாதீர்கள். கடந்த மூன்று மாதம் சீனி எப்படி இருந்தது என்று காட்டும் ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது எப்போது என்று கேட்டு வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த வைத்தியம் இலவசம். தேவைப்பட்டால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கோ டாக்டர் துண்டு கொடுத்து அனுப்புவார். கிளினிக் நாளில் பேர் போகிறதே என்ற கவலை எனக்குத் தெரியும். திகதியை முன்கூட்டியே கங்காணியிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். தாய் ஒரு மாதம், தகப்பன் ஒரு மாதம் என்று மாறிப் போனால் சுமை ஒருவர் தலையில் விழாது.

பாடம் விளங்கியதா? வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள்

1. நான்கு அடையாளங்கள் எவை?
2. பாயில் போகாத பிள்ளை மறுபடி போனால் என்ன செய்ய வேண்டும்?
3. கை நடுங்கி வியர்த்தால் எத்தனை தேக்கரண்டி சீனி?
4. மயங்கிய பிள்ளைக்கு ஏன் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது?
5. பிள்ளை தேறிவிட்டால் ஊசியை நிறுத்தலாமா?
6. அம்புலன்ஸ் இலக்கம் என்ன?

பதில் எல்லாம் மேலே இருக்கிறது. ஆறுக்கும் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆளாவது ஒவ்வொரு லயத்திலும் இருக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகு இந்தப் பக்கத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுங்கள்.

- நலன்புரி உத்தியோகத்தர்